முன்னால் போகிற ஆட்டோ

ஊசியை உருவி, பஞ்சை வைத்து அமுக்கியபடியே ஸ்கேன் சென்டர் பெண் மெர்சி சொன்னாள்: "ஐயா, இனிமே ஒரு மணி நேரம் பேசக் கூடாது. போனும் கூடாது. எதையும் மெல்லக் கூடாது. சும்மா சாஞ்சு படுத்திருங்க." ஏன் என்று கேட்க ஆவுடைநாயகம் வாயைத் திறந்தார். "பாத்தீங்களா, இதைத்தான் கூடாதுங்கறேன். இப்ப உள்ள போட்டது ஒரு மாதிரி சர்க்கரை. உடம்புல எது மும்முரமா வேலை செய்யுதோ அது அதை இழுத்துக்கும். மெஷின்ல அந்த இடம் பளிச்சுனு தெரியும். புத்துநோயும் இழுக்கும், நீங்க பேசினா தொண்டைச் சதையும் இழுக்கும். அப்புறம் எது நோவு, எது பேச்சுன்னு டாக்டருக்குத் தெரியாமப் போயிரும்." சொல்லிவிட்டுக் கனத்த கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். சாய்வு நாற்காலி, வெள்ளைச் சுவர், பக்கத்தில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி இருக்கிறது என்பது அதன் கிறீச்சென்ற சத்தத்தில் தெரிந்தது. யாரோ புரண்டு படுக்கிறார்கள்.

எது நோவு, எது பேச்சு. நல்ல கேள்விதான். சங்கரன்கோவிலில் போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், 'மைக் ஆவுடையா? அவரு சொல்லுததுல முக்காவாசியக் கழிச்சிட்டு மிச்சத்த வேணா நம்பலாம்' என்பார்கள். ஒரு தடவை பாம்புக்கோவில் சந்தைப் பக்கம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கட்சிக் கூட்டத்துக்கு அறிவிப்புச் சொல்லிப் போகும்போது அவர் 'நிறுத்து' என்று டிரைவரைப் பார்த்துச் சொல்ல, அந்தப் பக்கம் போன செங்கோட்டை ரயில் வண்டி நின்றுவிட்டது. இன்னொரு தடவை அவர் குரலைக் கேட்டு நிறைசூலி எருமை ஒன்று நின்ற இடத்திலேயே கன்று போட்டது, கன்றும் அம்மா என்று கத்தாமல் ஹலோ மைக் டெஸ்டிங் என்றது. இதையெல்லாம் டீக்கடையில் சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் மாறாது. கேட்கிறவன் சிரிக்கச் சிரிக்க அவர் இன்னும் கடுகடுவென்று ஆவார். அந்த வாயைத்தான் இப்போது ஒரு சின்னப் பெண் ஊசியைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறாள். நாக்கு, கட்டிப்போட்ட நாய் மாதிரி வாய்க்குள் அங்குமிங்கும் அலைந்தது. பல்லைத் தொட்டது, மேலண்ணத்தைத் தொட்டது. இப்படி அலைந்தால் சர்க்கரை அதற்கும் போய்ச் சேர்ந்துவிடுமோ. போகட்டும், அதுவும் ஒருநாள் இனிப்புத் தின்னட்டும். எச்சில் விழுங்கலாமா என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவும் கூடாதே. விழுங்கினார். வலி எப்போதும்போல முதலில் காதுக்கு ஏறி அப்புறம் கழுத்துக்கு இறங்கியது. மாடி ஏறி இறங்குகிற மாதிரி. அவருக்குத்தான் முட்டு வலி, இந்த எழவு வலிக்கு முட்டே கிடையாது போலிருக்கிறது. ஒரு மணி நேரம்தான். ஒரு மணி நேரத்தையே தாங்க முடியவில்லை, இப்படியே வாழ்நாள் பூராவும் இரு என்கிறார் பெரிய டாக்டர்.

அந்த ஆள் வளைத்துப் பேசவில்லை. இந்த ஸ்கேனில் நோய் தொண்டையோடு நின்றிருப்பதாகத் தெரிந்தால் குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டியது, கழுத்தில் ஒரு துவாரம், மூச்சு இனி அந்த வழியாக. அதோடு பிழைத்துக் கிடக்கலாம். நெஞ்சுக்குப் பரவியிருந்தால் கத்தி வைப்பதில் பிரயோஜனமில்லை, மருந்து கொடுக்கலாம், இருக்கிறவரைக்கும் குரல் இருக்கும். இருக்கிறவரைக்கும் என்றது குரலையா ஆளையா என்று ஆவுடைநாயகம் அன்றைக்குக் கேட்கவில்லை. துவாரத்தில் ஒரு வால்வு வைத்துப் பேசப் பழகலாம் என்றும் டாக்டர் சொன்னார். அப்படிப் பழகின ஒருத்தர் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கழுத்தை விரலால் பொத்திக்கொண்டு 'சாப்டீங்களா' என்று கேட்டார். பாவம், நல்ல மனுஷன். தகரக்கூரையில் எலி ஓடுகிற மாதிரி இருந்தது. பிரமு அழவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த பெண்டாட்டி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "பெட்டிய எடுத்துட்டா ஆளு பிழைச்சிக்கிடும்லா டாக்டரய்யா? அப்ப எடுத்துருங்க" என்றாள். பெட்டி! ஆட்டோவில் பின்சீட்டில் வைக்கிற ஆம்ப்ளிபயரைத்தான் அவர் வீட்டில் பெட்டி என்பார்கள். பழசாகி இரைச்சல் போட ஆரம்பித்தால் கழற்றி எடைக்குப் போடுவது. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததா இல்லையா? வந்தது. இல்லை, அது ஜன்னல் வெளிச்சம். இல்லை, வந்தது. இனிமேல் வீட்டில் ரேடியோ கேட்கலாம், சீரியல் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரியோடு நின்று நாலு வார்த்தை பேசலாம், நடுவில் வந்து விழ ஒரு குரல் இருக்காது. முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு விடுமுறை. அதனால்தான் ஆவுடைநாயகம் யாரிடமும் சொல்லாத ஒரு நினைப்பை அன்றிலிருந்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார். வைத்திருக்கிற இடத்தைப் பாருங்கள். நெஞ்சுக்குப் போயிருக்கட்டும். பரவியிருக்கட்டும். கடைசி மூச்சுவரைக்கும் பேசிவிட்டுப் போகிறேன், பெட்டியோடு கொண்டுபோய்ப் புதையுங்கள்.

"அண்ணாச்சி" என்றது திரைக்கு அந்தப் பக்கம். மெதுவாக, கள்ளத்தனமாக. "அண்ணாச்சி, முழிச்சிருக்கீகளா? எனக்குக் கோயில்பட்டிப் பக்கம். பேரு வெயிலுகந்தான். வயித்துல. ஆபரேசன் முடிஞ்சு ஒரு வருசம் ஆச்சு, இப்ப திரும்பவும் பாக்கணும்னுட்டாக. உங்களுக்கு எங்க?" ஆவுடைநாயகம் உதட்டை இறுக்கிக்கொண்டார். எங்கேயா? கேள்வியைப் பார். பேசுகிற இடத்தில்தான்யா. "பேசக் கூடாதுன்னு உங்களுக்கும் சொல்லிட்டாளோ. எனக்கும் சொன்னா. இருந்தாலும் பயமா இருக்குல்ல" என்றான் அவன். நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

பயம். பயம் எந்த இடத்தில் வேலை செய்யும், அது சர்க்கரையை இழுக்குமா? பூங்கோதையைத்தான் கேட்க வேண்டும். பூங்கோதை அவருடைய ஒரே மகள், பெங்களூரில் இந்தப் புற்றுநோய் எழவைத்தான் ஆராய்ச்சி பண்ணுகிறாள். ஊருக்குப் போன் பண்ணினால் 'அம்மாகிட்ட குடுங்க' என்பாள். அவர் பேசி முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு மறுபடி 'அம்மாகிட்ட குடுங்க' என்பாள். போன வாரம் வந்திருந்தாள். அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் "அப்படி என்னத்தட்டி ஆராயுத?" என்று கேட்டார். "மைக்ரோ ஆர்.என்.ஏ" என்றாள். "மைக்கா?" என்றார். சத்தியமாக அப்படித்தான் கேட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் சிரித்தாள், பல் தெரிய. அவளுக்குத் தெற்றுப்பல் இருப்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. "மைக் இல்லப்பா. மைக்குக்கு நேர் எதிரி" என்று ஆரம்பித்துச் சொன்னாள். ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் ஒரு பெரிய புத்தகம் இருக்கு. அதை யாரும் வெளிய எடுத்துட்டு வர முடியாது. வேண்டிய பக்கத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெளிய அனுப்பும். வேலைக்காரங்க அந்தச் சீட்டைப் படிச்சுட்டு அதுல சொன்னதைச் செய்வாங்க. இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ இருக்கே, ரொம்பச் சின்னது, அது தானா எதையும் செய்யச் சொல்லாது. போய் அந்தச் சீட்டு மேல உக்காந்துக்கும், அவ்வளவுதான். படிக்க விடாது. 'வளரு, வளரு'ன்னு சொல்ற சீட்டு மேல உக்காரவேண்டியது காணாமப் போச்சுன்னா செல்லு கண்டபடி வளரும். 'போதும், நிறுத்து'ன்னு சொல்ற சீட்டு மேல நிறைய வந்து உக்காந்துட்டாலும் கண்டபடி வளரும். ரெண்டு வழியிலயும் புத்துநோய்தான். ஆவுடைநாயகத்துக்கு அது பிடித்துப்போனது. "அப்ப அது வாயடக்கி. எனக்கு ஆவாத சாதி" என்றார். பூங்கோதை கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இல்லப்பா. அது உங்கள மாதிரி." "நான் பேசுதவன்ட்டி." "அதான்" என்றாள். அதான் என்றால் என்ன? அதான் என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டு போனால் என்ன அர்த்தம்? பிரமு முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், கேட்டிருப்பாள், திரும்பவில்லை. இவர்கள் இரண்டு பேரும் என்றைக்காவது எதையாவது சொல்ல வந்தார்களா, இவர் வந்து அதன் மேல் உட்கார்ந்தாரா? சொல்ல வந்திருந்தால் சத்தமாகச் சொல்ல வேண்டியதுதானே. அவருக்குத் தொண்டை கொடுத்த ஆண்டவன் அவர்களுக்கு மட்டும் தவிட்டையா அடைத்து வைத்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு மட்டும். பரவிருக்குமோ?" வெயிலுகந்தான்தான். ஆவுடைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். பரவுவதைப் பற்றியும் பூங்கோதை சொன்னாள். கேட்காமலே இருந்திருக்கலாம். புற்றுநோய் புறப்படுவதற்கு முன்னாடியே இந்தச் சின்னதுகளைக் கொஞ்சம் பொட்டலம் கட்டி ரத்தத்தில் விடுமாம். அது நுரையீரலுக்குப் போகும், எலும்புக்குப் போகும், போன இடத்தில் காவலுக்கு இருக்கிற சீட்டுகள் மேல் உட்கார்ந்துகொள்ளும், கதவைத் தளர்த்தும், இடத்தைப் பதமாக்கும். வரவேண்டியது அப்புறம் சாவகாசமாக வந்து இறங்கும். அன்றைக்கு இதைக் கேட்டபோது சுரீர் என்றது. இது அவருக்குத் தெரிந்த தொழில். முன்னால் போகிற ஆட்டோ! 'இன்று மாலை ஆறு மணியளவில் நம் தங்கத் தலைவர் வருகிறார், வருகிறார், பொதுமக்களே அணி திரண்டு வாரீர்' என்று கழுகுமலை ரோட்டிலும் ராஜபாளையம் ரோட்டிலும் காலையிலிருந்தே கத்திக்கொண்டு போவார். அவர் போன பிறகுதான் பந்தல்கால் நடுவார்கள், கொடி கட்டுவார்கள், கடைக்காரன் பெஞ்சை உள்ளே இழுத்துப் போடுவான், போலீஸ் வந்து நிற்கும். எந்தத் தலைவர், எந்தக் கட்சி, அதெல்லாம் அவருக்கு ஒன்றுதான். காலையில் ஒருத்தரைத் தங்கம் என்பார், மறுநாள் அவருக்கு எதிரியைச் சிங்கம் என்பார். இப்போது அவருடைய ரத்தத்திலேயே ஒரு ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கிறது. டிரைவர் யார் என்று தெரியவில்லை. ஹாரன் சத்தம்கூட இல்லை. நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு தெருமுனையில் பந்தல்கால் நட்டாகிவிட்டதா? 'எனக்கு இதுக்கு மருந்து இருக்காட்டி?' என்று கேட்டார். "இப்ப இது ஆராய்ச்சிதான்ப்பா. இந்தச் சின்னதுகளத் தடுக்க முடியுமான்னு பாத்துக்கிட்டு இருக்கோம். உங்களுக்கு ஆபரேசன்தான்." பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. யாருக்குப் பிறந்ததோ.

திரைக்கு அந்தப் பக்கம் இப்போது வேறு மாதிரி சத்தம் வந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஆம்பிளை அழுகிறான். ஆவுடைநாயகத்துக்கு அழுகை பிடிக்காது. துட்டி வீட்டிலேயே இரண்டு கதை சொல்லி ஆளைச் சிரிக்க வைத்துவிட்டு, அப்புறம் பிணத்தின் மகனிடம் திட்டு வாங்கினவர். அழு, எனக்கென்ன. பேசினால் படம் கெட்டுப்போகும். கெட்டால் கெடட்டும், தொண்டையில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, நெஞ்சுதானே கேள்வி. ஆனால் மெர்சி வந்து திட்டுவாள். மறுபடி ஒருநாள் பட்டினி, மறுபடி பிரமுவோடு பஸ், மறுபடி ஊசி. அழுகை நின்று, ஒரு பிள்ளை கேட்கிற குரலில் "பரவிருக்கும், என்ன அண்ணாச்சி?" என்று வந்தது.

"இல்ல வே" என்றார் ஆவுடைநாயகம்.

சொல்லிவிட்டார். தொண்டையில் முள்ளம்பன்றி புரண்டது. எங்கேயோ உள்ளே சர்க்கரை ஓடிவருவது தெரிகிற மாதிரி இருந்தது. ஒரு வார்த்தைக்கும் கெடும், நூறு வார்த்தைக்கும் கெடும்.

"நீங்க எப்படி அண்ணாச்சி சொல்லுதீக?"

"எம் மவ இதத்தாம்வே பெங்களூர்ல ஆராய்ச்சி பண்ணுதா. பெரிய படிப்பு. புத்துநோய் பரவுததுக்கு முன்னால சின்னச் சின்னதா ஆள் அனுப்புமாம். மைக்குன்னு பேரு. அது முன்னாலயே போயி 'வருகிறார் வருகிறார்'னு கத்தும். பந்தல் போடச் சொல்லும். கேட்டேரா?"

"அய்யோ. அப்ப வந்துருமே அண்ணாச்சி."

"அங்கதாம்வே இருக்கு சங்கதி. நான் மைக் கட்டி ஓட்டுனவன். ஒருக்க திருவேங்கடத்துல ஒரு பெரிய தலைவரு வாராருன்னு ரெண்டு நாளாக் கத்துதேன். பந்தல் போட்டாச்சு. நாற்காலி போட்டாச்சு. மாலை, சால்வை, வெடி, எல்லாம் ரெடி. பேண்டு வாத்தியக்காரன் அடிச்சு அடிச்சுக் கை வீங்கிப் போயி நிக்கான். தலைவர் வாராரு, வாராரு... எங்க வந்தாரு? காரு வழி மாறி நேரே கேரளாவுக்குப் போயிட்டு! அங்க எறங்கி, இதான் திருவேங்கடமான்னு கேட்டு, தேங்கா மரத்தப் பாத்து ஒரு மணி நேரம் பேசிட்டு, அந்தால ரயிலேறிப் போயிட்டாரு. இங்க கூட்டமெல்லாம் நாற்காலியத் தலையில கவுத்திக்கிட்டு வீட்டுக்குப் போச்சு."

வெயிலுகந்தான் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான் என்று தெரிந்தது, நடுவில் ஆபரேசன் தழும்பு இழுத்து 'ஸ்ஸ்' என்றான். "தேங்கா மரத்தப் பாத்தா?"

"மரமெல்லாம் கை தட்டுச்சாம்வே. ஒண்ணுரெண்டு கட்சியிலயே சேந்துட்டு. அதனால மைக் போறதெல்லாம் ஒண்ணும் இல்ல. மைக்கு போவும். தலைவர் வரணும்லா. பாதிக்குப் பாதி வரமாட்டானுவ. இப்பப் படுத்துத் தூங்கும்."

"சரி அண்ணாச்சி" என்றான் அவன், பால் குடித்த பிள்ளை மாதிரி. நாற்காலி கிறீச்சிடுவது நின்றது. கொஞ்சத்தில் குறட்டை வந்தது.

ஆவுடைநாயகம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வாயில் ரத்தம் மாதிரி ஒரு ருசி. குரல் கடைசி இரண்டு வரியில் கீறிவிட்டது, ஆனாலும் தேறியது, அந்தத் தேங்காய் மரம் வந்த இடம் நன்றாக வந்தது, அதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டது சரியாக விழுந்தது. இந்தச் சந்தோஷத்தைத்தான் வெட்டி எடுத்துத் தட்டில் வைக்கப்போகிறார்கள். ஆனால் ஒரு விஷயம். வெயிலுகந்தானுக்கு அது தெரிய வேண்டாம். டீக்கடையில் யாருக்கும் தெரியாது. அவர் கத்தி அறிவித்து வராமல் போன தலைவர் என்று ஒருத்தர்கூடக் கிடையாது. ஆறு மணி என்றால் ஒன்பதுக்கு வருவார்கள், பத்துக்கு வருவார்கள், மழையில் வருவார்கள், காய்ச்சலோடு வருவார்கள், தண்ணி போட்டுக்கொண்டு வருவார்கள். வந்துவிடுவார்கள். பந்தல் போட்ட இடத்துக்கு அவர்கள் வராமல் இருந்ததே இல்லை. மேடை ஏறி, சால்வையை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருத்தனும் முதலில் சொன்னது அந்த ஒரே வார்த்தைதான், தாமதத்துக்கு மன்னிக்கவும். அப்படியானால் நெஞ்சிலும் வந்திருக்கும். இத்தனை நாள் இதைத்தானே நினைத்தார், வரட்டும், வந்திருக்கட்டும் என்று. இப்போது அந்தத் தாமதத்துக்கு மன்னிக்கவும் என்கிற குரல் தன் நெஞ்சுக்குள்ளிருந்தே கேட்கிற மாதிரி இருந்ததும் வேர்த்துவிட்டது. கடைசிவரை பேசிவிட்டுச் சாவேன் என்றாரே, எதைப் பேச? படுக்கையில் நுரை தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க, யாரிடம் பேச? பிரமுவிடமா? அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பாள், கேட்காமலே.

கதவு திறந்தது. மெர்சி. திரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து "இவர் நல்லாத் தூங்கிட்டாரே" என்று சந்தோஷப்பட்டாள். பிறகு இவர் பக்கம் வந்து, "ஐயா, எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டு வாங்க, மெஷினுக்குப் போகலாம்" என்றவள், சந்தேகத்தோடு முகத்தைப் பார்த்தாள். "பேசலையே?"

ஆவுடைநாயகம் தலையை இடமும் வலமும் ஆட்டினார். நிதானமாக, முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல். கண்ணை மட்டும் லேசாகப் பெரிதாக்கி, என்னைப் பார்த்தா கேட்கிறாய் என்கிற மாதிரி ஒரு வருத்தத்தையும் சேர்த்தார். "சமத்து தாத்தா" என்றாள் மெர்சி. நம்பிவிட்டாள். டீக்கடையில் தொண்டைத்தண்ணி வற்ற வற்றச் சொன்னபோதுகூட எவனும் இவ்வளவு சுத்தமாக நம்பினதில்லை. பாத்ரூமில் நின்றுகொண்டு கண்ணாடியைப் பார்த்து அவர் இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு மேலும் கீழும். பிறகு ஒரு புருவத்தை மட்டும். பரவாயில்லையே. செங்கோட்டை வண்டியை ஒரு புருவத்தில் நிறுத்த முடியுமா? கையையும் சேர்த்தால் முடியும். எருமைக்கு இரண்டு கையும் வேண்டும். பிரமு முகம் கொடுத்துப் பார்த்தால்தான் இதெல்லாம் நடக்கும், சமையலறையிலிருந்து காதை மட்டும் கொடுத்துவிட்டு இருக்க முடியாது, எதிரே வந்து உட்கார வேண்டும். உட்காருவாளா? அந்த நேரத்தில் அவளும் எதையாவது சொல்லத் தொடங்கிவிட்டால்? முப்பத்தெட்டு வருஷச் சரக்கு இருக்கும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், குறுக்கே விழப் பெட்டி இருக்காது. அதை நினைக்கவே கசந்தது. கசந்தாலும், உயிரோடு உட்கார்ந்திருப்பவனுக்குத்தானே கசக்கும்.

மெஷின் அறை குளிர்ந்து கிடந்தது. குறுகலான பலகையில் படுக்க வைத்து, தலையை ஒரு கிண்ணத்துக்குள் பொருத்தி, நெற்றியின் குறுக்கே ஒரு பட்டையை இழுத்து மாட்டினாள் மெர்சி. "இனிமே தலையையும் ஆட்டக் கூடாது" என்றாள். அட சண்டாளி. நெஞ்சில் ஒன்றும் இருக்கக் கூடாது, தொண்டை வேண்டுமானால் தீபாவளியாக எரியட்டும், நெஞ்சு இருட்டாகக் கிடக்க வேண்டும், என்று ஆவுடைநாயகம் கேட்டுக்கொள்ளப் பார்த்தார். எப்படிக் கேட்பதென்று பிடிபடவில்லை. சங்கரநாராயணர் சன்னிதியில் நின்றால்கூட அவருக்குச் சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. பலகை உள்ளே நகர்ந்தது.